போத்தல் கூலருக்குள் ஒரு விருந்தாளி

அந்த அம்மா யாரிடமும் பெயரைக் கேட்டு நான் கண்டதில்லை. "நீர் எவடம்?" என்றுதான் கேட்பார். எந்த ஊர் என்று அர்த்தம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் அவர் லொட்ஜ் நடத்திய காலத்தில், அங்கே தங்கிய ஒருவருக்கும் பெயர் கிடையாது. மேல் மாடியில் மன்னார் இருந்தது. குளியலறைக்குப் பக்கத்து அறையில் மட்டக்களப்பு. சாவகச்சேரி ஐந்து மாதமாக விசாவுக்குக் காத்துக்கொண்டு வாசல் கதிரையில் உட்கார்ந்திருந்தது. "மன்னாருக்கு இண்டைக்கு வயித்துக்குச் சரியில்லை, கஞ்சி வையும்" என்று அவர் சமையல்காரப் பெண்ணுக்குச் சொல்லும்போது, புதிதாக வந்தவர்கள் ஒன்றும் விளங்காமல் முழிப்பார்கள்.

கொழும்பில் அந்த யுத்த நாட்களில் அதே கேள்வியை வேறு ஆட்களும் கேட்டார்கள். சீருடை போட்டவர்கள் கேட்டால் பதில் சொல்வதற்குள் கை அடையாள அட்டையைத் தேடும். இந்த அம்மா கேட்டது சமைப்பதற்காக. வந்தவருக்கு அவருடைய ஊரையே தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மட்டக்களப்பாருக்கு எருமைத் தயிர்ச் சட்டி எங்கிருந்தோ வந்துவிடும். புது இடத்தில் தூக்கம் வரவில்லை என்று மன்னார்க்காரர் ஒருநாள் வாய்தவறிச் சொன்னதற்கு, அவருடைய ஜன்னலில் ஒரு கருவாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டார். மன்னார் அதன்பிறகு நன்றாகத் தூங்கியதாகத்தான் கேள்வி. பக்கத்து அறைக்காரர்கள் இரண்டு பேர் அந்த வாரமே வேறு லொட்ஜுக்குப் போய்விட்டார்கள்.

நான் ஃபிரிஜ், ஏ.சி. திருத்துகிறவன். முதல் தடவை அவருடைய ஃபிரிஜைப் பார்க்கப் போனபோது, கருவிப் பையைக் கீழே வைக்கக்கூட அவர் விடவில்லை.

"தம்பி எவடம்?"

"தெமட்டகொடைங்கம்மா."

"அது நீர் படுக்கிற இடம். ஊரைக் கேட்டனான்."

"நானுஓயா பக்கங்க. தோட்டம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போனார். நான் வேலையை முடித்துக் கை கழுவியபோது, மேசையில் தேங்காய்ப்பூ போட்ட இரண்டு தடித்த கோதுமை மா ரொட்டி, கட்டைச் சம்பல், ஒரு கோப்பை சாயத் தேநீர். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் என் அம்மா சுட்டுத் தருவதைவிட ரொட்டி கொஞ்சம் தடிப்பு. அதே நேரத்தில் குசினியிலிருந்து முருங்கை இலை போட்ட நண்டுக் கறியின் மணம் வந்துகொண்டிருந்தது. நான் கொழும்புக்கு வந்ததே ரொட்டியிலிருந்து தப்புவதற்குத்தான் என்று சொன்னால், அதில் பாதி உண்மை. இருந்தாலும் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே. "அப்படியே எங்க வீட்டு ரொட்டி மாதிரி இருக்கும்மா" என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு ரொட்டிதான். ஏ.சி.க்குக் காஸ் அடிக்கப் போனாலும் ரொட்டி, பொங்கலுக்குப் போனாலும் ரொட்டி. நான் சாப்பிடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பார். எனக்கு என் ஊரை மீட்டுக் கொடுத்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரியும். நண்டு மணக்க மணக்க நான் சம்பலைத் தொட்டுக்கொள்வேன்.

இதில் நான் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை என்பது ஓர் ஆறுதல். ஏதோ ஆராய்ச்சிக்காக வந்த வெள்ளைக்காரர் ஒருவர் மூன்று கிழமை லொட்ஜில் தங்கினார். அம்மா அவருக்கு மூன்று வேளையும் பாணும் பட்டரும், உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கும் கொடுத்தார். ஒருநாள் மத்தியானம் காலி வீதியில் ஒரு கொத்து ரொட்டிக் கடைக்குள் நுழைந்தேன். மூலை மேசையில் அந்த மனிதர் மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுகக் கோழிக் கொத்தை அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்தார். அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று அர்த்தம். நான் சொல்லவில்லை. ஒரே ஜெயிலில் இருந்தவர்களுக்குள் அவ்வளவு விசுவாசம்கூட இல்லாவிட்டால் எப்படி?

பிறகு யுத்தம் முடிந்தது. விசாவுக்குக் காத்திருந்தவர்கள் குறைந்தார்கள். ஒழுங்கையிலிருந்த பழைய வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாக அடுக்குமாடி ஆயின. லொட்ஜையும் இடித்துக் கட்டினார்கள். மூன்றாம் மாடியில் அம்மாவுக்கு ஒரு வீடு கிடைத்தது. கணவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் லண்டனில். பதினோரு அறைக்குச் சமைத்த கை, ஒரு சுண்டு அரிசிக்கு இறங்கி வந்தது. ஃபிரிஜில் சத்தம் கேட்கிறது என்று மாதம் ஒரு தடவை என்னைக் கூப்பிடுவார். ஃபிரிஜில் ஒரு சத்தமும் இராது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் ஒரு ஸ்குரூவைக் கழற்றிப் பூட்டிவிட்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டு வருவேன்.

ஒரு மார்கழியில் மகள் வந்தார், அம்மாவைக் கையோடு கூட்டிப்போக. நான் அன்று படுக்கையறை ஏ.சி.யைக் கழுவிக்கொண்டிருந்ததால் முழுச் சண்டையும் என் காதில் விழுந்தது.

"எழுபது வயசு மரத்தைப் புடுங்கி நட்டா வேர் பிடிக்குமே பிள்ளை?" என்றார் அம்மா.

மகள் சூட்கேசைத் திறந்து, சப்பாத்துக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஈரத் துணியில் சுற்றிய மூன்று குச்சிகள், பென்சில் நீளம். அவர் வீட்டுத் தோட்டத்து பிளாக்கரண்ட் செடியில் வெட்டியது. அந்தப் பழத்தில் செய்த ஜாமை அம்மா விரும்பிச் சாப்பிடுவாராம்.

"இதுவும் புடுங்கிக்கொண்டு வந்ததுதான். இது இஞ்ச பழம் காய்ச்சா, நீங்கள் வீட்டைப் பூட்டிப்போட்டு என்னோட வந்து இருக்க வேணும். சரியே?"

வெள்ளவத்தை வெயிலில் இங்கிலாந்துப் பழம்! அம்மா யோசிக்கவே இல்லை. "காய்ச்சா வாறன்" என்று மகளின் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். மகளின் முதுகுக்குப் பின்னால் என்னைப் பார்த்து ஒரு கண் சிமிட்டலும் சிமிட்டினார்.

மகள் விமானம் ஏறினார். அந்த மூன்று குச்சியையும் பல்கனியில் காய விட்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவை வெளியூரிலிருந்து வந்தவை ஆயிற்றே. "மூண்டும் எங்கத்தையோ இருந்து வந்திருக்குதுகள், ஒரு வாய் தண்ணி குடுக்காமல் விடுறதே?" என்று ஆரம்பித்தார். செம்மண்ணும் தும்புத்தூளும் கலந்து சட்டி நிரப்பினார். மகள் சொன்னபடி குச்சியை முக்கால்வாசி மண்ணுக்குள் புதைத்தார். ஆழமாக வைத்தால்தான் அடியிலிருந்து புதுத் தண்டு கிளம்புமாம். இரண்டு குச்சி செத்தது. ஒன்று துளிர்த்தது. சுருக்கம் விழுந்த சின்ன இலை. விரலால் கசக்கினால் ஜாம் போத்தலைத் திறந்த மாதிரி ஒரு வாசம்.

அதன்பிறகு அந்தச் செடிக்கு நடந்த உபசாரத்தைப் பார்த்தவர்கள்தான் நம்புவார்கள். வேர் மேலோட்டமாக ஓடும், மண் சுடக்கூடாது என்பதால் தேயிலைச் சக்கையைக் காயவைத்து மேலே பரப்பினார். மத்தியான வெயிலுக்கு வெள்ளைச் சேலை ஒன்றைக் கிழித்துப் பந்தல் போட்டார். செடி இங்கிலீஷ்காரச் செடி என்பதால் அதனோடு தமிழில் பேசுவதில்லை. தினமும் காலையில் தண்ணீர்ச் செம்போடு பல்கனிக்குப் போய், "குட் மோர்னிங். வெரி ஹொட். சொரி" என்று மன்னிப்புக் கேட்பார். கொழும்பு வெயிலுக்கு அவர்தான் பொறுப்பு மாதிரி.

இரண்டாம் வருடம் செடி அவர் இடுப்பு உயரத்துக்கு வந்தது. பூ ஒன்றுகூட இல்லை. அம்மா போனில் மகளிடம் காட்டினார். மகள் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, அதுக்கு வின்டர் வேணும். மூண்டு மாசம் நல்லாக் குளிர்ல நித்திரை கொண்டாத்தான் பூக்கும். இல்லாட்டி இலை மட்டும்தான். நீங்கள் வெண்டிட்டீங்கள், விடுங்கோ."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களாம்மா, ஜெயிச்சிட்டீங்க. இனி லண்டனும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். அம்மா சிரிக்கவில்லை. செடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு வருசமா என்ர வீட்டில இருக்குது. ஒருநாள் நித்திரை இல்லை. எனக்கு ஆரும் சொல்லேல்லையே தம்பி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீர் குளிர் செய்யிற ஆள் தானே?"

வேலியில் போன ஓணான் என் மடியில் ஏறியது அந்த இடத்தில்தான். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். நானுஓயாவில் என் தங்கச்சி இருக்கிறாள், தை மாதத்தில் அங்கே புல்லெல்லாம் பனி உறையும், செடியை மூன்று மாதம் அனுப்பிவைப்போம் என்றேன். நான் ஏதோ அடாத காரியம் சொன்ன மாதிரிப் பார்த்தார். "வந்த ஆளுக்கு வசதி இல்லையெண்டு பக்கத்து வீட்டுக்கு அனுப்புறதே?"

"அம்மா, இது பழுத்துச்சுன்னா நீங்க ஊரைவிட்டுப் போகணும். மறந்துட்டீங்களா?"

"மறக்கேல்லை."

"அப்புறம் எதுக்கும்மா?"

"வந்த ஆளை வேக்கையில வாட விட்டிட்டு, வெண்டு என்னத்தைக் காணுறது?"

ஒருகொடவத்தையில், கொள்கலன்களில் வந்து இறங்கும் பழைய சாமான்களைக் குவித்து விற்கும் யார்ட் ஒன்றில், கடைகளில் சோடா வைக்கும் கண்ணாடிக் கதவுப் போத்தல் கூலர் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். லிஃப்டுக்குள் அது போகாது. மூன்று பேர் படியால் தூக்கினோம். தட்டுகளைக் கழற்றிவிட்டு, தெர்மோஸ்டாட்டை நாலு டிகிரியில் நிற்கிற மாதிரித் திருத்தி, ஹோலில் சுவாமிப் படத்துக்கு எதிரே வைத்தேன்.

உள்ளே வைப்பதற்கு முன்னால் கத்தரிக்க வேண்டுமாம். கறுத்த பழைய கொப்புகளை அடியோடு வெட்டி, வெளிர்நிறப் புதுக் கொப்புகளை விடவேண்டும், அடுத்த வருடம் காய்ப்பது அவைதான் என்று மகள் படம் கீறி அனுப்பியிருந்தார். அம்மா கத்தரியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். "வீட்டுக்கு வந்த ஆளின்ர கையை வெட்டச் சொல்லுறாளே" என்று முனகினார். கடைசியில் ஒவ்வொரு கொப்புக்கும் ஒரு சொரி சொல்லிச் சொல்லி வெட்டினார்.

இரண்டு கிழமையில் கூலருக்குள் இலையெல்லாம் மஞ்சளித்து உதிர்ந்தது. எனக்குப் போன் வந்தது. "தம்பி, கொண்டு போட்டம்." கொன்றுவிட்டோம் என்று அர்த்தம். ஓடிப்போனேன். கண்ணாடிக்குள் ஐந்தாறு மொட்டைக் குச்சிகள். அம்மா எதிரே கதிரை போட்டு அழுதுகொண்டிருந்தார். நான் கதவைத் திறந்து ஒரு கொப்பின் தோலை நகத்தால் சுரண்டினேன். அடியில் பச்சை. "தூங்குதும்மா" என்றேன். அந்த நொடியிலிருந்து அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது என்று சட்டம் வந்தது. டீவியின் சத்தம்கூடக் குறைந்தது.

தபால் கொண்டு மேலே வந்த ஃபிளாட் வாட்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். "அம்மே, ஃபிரிஜ் எகே கஹக்த?" ஃபிரிஜுக்குள் மரமா என்று சிங்களத்தில் கேட்கிறார்.

"கஹக் நெவெய் புத்தே" என்றார் அம்மா மெதுவாக. "அமுத்தெக்." மரம் இல்லை மகன், விருந்தாளி.

அந்த மனிதர் கூலரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிதத்தைக் கதிரையில் வைத்துவிட்டுப் படியால் இறங்கிப் போனார். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

ஒருநாள் ஒழுங்கை முழுக்கக் காலையிலிருந்து மின்சாரம் இல்லை. அம்மா மீன்கடைக்கு ஆள் அனுப்பி ஐஸ் பார் எடுப்பித்து, சாக்கில் சுற்றிக் கூலருக்குள் அடுக்கினார். செடி தப்பியது. ஹோலில் ஒரு கிழமைக்குச் சூரை மீன் நாற்றம். அதற்குப் பிறகுதான் குளிர் சரியாக நிற்கிறதா என்று பார்க்க ஓர் ஏற்பாடு செய்தார். சட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோப்பையில் ஒரு துண்டு பட்டர். காலையும் மாலையும் கதவைத் திறந்து விரலால் அமுக்கிப் பார்ப்பார். கல்லு மாதிரி இருந்தால் சரி.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். பெருமையான காரியம் இல்லை. ஆறாவது கிழமையில், சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று போய், அவர் தேநீர் போடக் குசினிக்குள் போன நேரத்தில் தெர்மோஸ்டாட்டை மேலே திருப்பிவிட்டேன். பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரி நிற்கும். செடி சாகாது. ஆனால் நித்திரையும் கொள்ளாது, பூவும் வராது. அவ்வளவுதான். எனக்குக் கொழும்பில் வேறு போக்கிடம் இல்லை. என்னை எந்த ஊர் என்று சோறு போடக் கேட்ட ஒரே ஆள் அவர். அந்த ரொட்டியைத்தான் எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன். அது இல்லாமல் போகும் என்று நினைத்தபோது கை தானாகத் திருகிவிட்டது.

அடுத்த நாள் காலையிலேயே போன். "தம்பி, பட்டர் இளகிப் போச்சு."

போனேன். அவர் கூலருக்குப் பக்கத்தில் நின்றார். பட்டர்க் கோப்பையை என் பக்கம் நீட்டினார். நான் குனிந்து தெர்மோஸ்டாட்டைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். எங்கே பழுது, என்ன பழுது என்று தேடுகிற மாதிரி நடிக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. மோட்டார் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

"நான் போறது உமக்கு விருப்பமில்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றார். "எனக்கு மட்டும் விருப்பமே? இந்த ஒழுங்கையை விட்டிட்டு எனக்கு எங்க இருக்கத் தெரியும்? ஆனா அது என்ன பாவம் செய்தது, சொல்லும்."

நான் கருவிப் பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினேன். "இரும், ரொட்டி சுட்டு வச்சிருக்கு" என்றார். சாப்பிட்டேன். அன்றைக்கு ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை.

தை பிறந்து சில நாளில் செடியை வெளியே எடுத்தோம். வெளியே என்றால் வெயிலுக்கு இல்லை. அவருடைய படுக்கையறை ஜன்னலோரம், ஏ.சி. பதினெட்டில். அவர் ஹோலில் பாய் போட்டு, ஃபேனுக்குக் கீழே வேர்த்துப் படுத்தார். பத்து நாளில் மொட்டுகள் உப்பின. அதன்பிறகு இலை. அதன்பிறகு, இலைகளுக்கு இடையில், மங்கிய இளஞ்சிவப்பில் சின்ன மணிகள் மாதிரிப் பூங்கொத்துகள். ஏ.சி. அறைக்குள் தேனீ எங்கே வரும்? மகள் விட்டுப்போன கண்மைப் பிரஷை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பூவாகத் தடவினார்.

அநேகம் உதிர்ந்தது. மூன்று காய் நின்றது. பச்சை சிவப்பாகி, சிவப்பு கறுப்பாகியது. கறுத்த அன்று என்னைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து, ஏதோ ஆஸ்பத்திரிச் செய்திக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி அந்த மூன்று பழத்தையும் பார்த்தோம்.

"மகள்கிட்ட சொல்லாம விட்டுடுங்கம்மா" என்றேன். "யாருக்குத் தெரியப் போகுது?"

"கையில அடிச்சுக் குடுத்தனான் தம்பி."

ஒரு பழத்தைப் பறித்து என்னிடம் தந்தார். ஒன்றைத் தான் வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். நல்ல புளி. "இதுக்காகவாம்மா ஊரைவிட்டுப் போறீங்க?" என்றேன். அவருக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொப்பில் நின்ற மூன்றாவது பழத்தைக் காட்ட மகளுக்குப் போன் போட்டார்.

எத்தனையோ பேர் விசாவுக்குக் காத்திருப்பதைப் பார்த்த அம்மா, தன் விசாவுக்கு வாசல் கதிரையில் காத்திருந்தார். வந்தது. போகிற நாளில் செடியை என் கையில் தந்தார். "உம்மட தங்கச்சியிட்டக் குடும். நான் இல்லாத வீட்டில அதை ஆர் கவனிக்கிறது? குளிர் ஊர்லயாவது இருக்கட்டும்" என்றார். அன்று குசினியில் பெரிய சட்டி நிறைய நண்டு. வழியனுப்ப வந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் வான் டிரைவரும் விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டார்கள். அவ்வளவு அவசரத்திலும், எனக்கென்று தனியாக இரண்டு ரொட்டி சுட்டு, வாழையிலையில் சுற்றி வைத்திருந்தார். "போற வழியில சாப்பிடும்." வாங்கிக்கொண்டேன். ஒரு கையில் செடி, ஒரு கையில் ரொட்டி. வான் காலி வீதியில் திரும்பும்வரை அப்படியே நின்றேன்.

அந்த மார்கழியில் லண்டனிலிருந்து போன் வந்தது. எடுத்ததும் செடியைப் பற்றித்தான் கேட்டார். தங்கச்சி வீட்டு வாசலில் நன்றாக இருக்கிறது, இலை உதிர்த்துத் தூங்குகிறது என்றேன்.

"அதுவாவது குளிர்ல இருக்கு" என்றார்.

"என்னாம்மா, அங்க குளிர் இல்லையா?"

"எங்க தம்பி குளிர்! வீட்டுக்குள்ள ஹீற்றரைப் போட்டு மகள் வெள்ளவத்தையாக்கி வச்சிருக்கிறா. காலமை புட்டு, இரவைக்கு இடியப்பம். ஞாயிறு எண்டா ஒடியல் கூழ். ரீவியில எந்த நேரமும் தமிழ். அம்மாவுக்கு ஊர் நினைவு வரக்கூடாதாம். வெளியில பனி விழுகுது, கண்ணாடிக்குள்ளால பாக்கிறன். இன்னும் தொடேல்லை." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "றோட்டுக்கு அங்கால ஒரு கடையில மீனும் கிழங்கும் பொரிக்கிறாங்கள். பின்னேரத்தில மணம் வரும். எனக்கு அதை ஒருக்காத் தின்ன வேணும் போல கிடக்கு. பிள்ளை நான் புட்டுத் தின்னுறதைப் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டு நிக்குது. எப்பிடிச் சொல்லுறது?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"தம்பி."

"சொல்லுங்கம்மா."

"நான் உம்மட்ட ஒருநாளும் கேக்கேல்லை. உமக்கு ரொட்டி விருப்பமோ?"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு."

"அதை விடும். உமக்கு என்ன விருப்பம்?"

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. "நண்டும்மா" என்றேன்.

"ஐயோ கடவுளே" என்றார். "நான் வெளிக்கிட்ட அண்டைக்குச் சட்டி நிறையக் கிடந்ததே!"

"தெரியும்மா. மணந்துச்சு."

"வாயைத் திறந்து கேட்டா என்ன?"

"நீங்களும் கேளுங்கம்மா, அந்த மீன. மகதானே?"

"சரி, வையும்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் என் போனுக்கு ஒரு படம் வந்தது. வீதியோரம் அம்மா, தோளில் பனி, மூக்கு சிவந்திருக்கிறது, கையில் எண்ணெய் ஊறிய ஒரு கடதாசிப் பொட்டலம். பின்னால் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். படத்தின் கீழே அம்மாவின் குரலில் ஒரு செய்தி. ஒரு ஏ.சி.யைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏணியில் நின்றபடி கேட்டேன்.

"ஒரு ருசியும் இல்லைத் தம்பி. உறைப்பில்லை, புளியில்லை. ஆனா நான் கேட்டு வாங்கினது."